நூறு வரை எண்ணியவர்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது, ஒரு கோடீஸ்வர அரபியை வெயிலில் நிற்க வைத்திருந்தார்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள். அல் ஐனுக்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டி எங்கள் அர்பாபுக்கு வேலி போட்ட பெரிய பண்ணை ஒன்று இருந்தது. விசா கொடுத்த முதலாளியை அங்கே அர்பாப் என்றுதான் சொல்வோம். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதங்களோடு என்னை அந்தப் பண்ணைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போனபோது அவர் ஒரு பழைய துப்பாக்கியைத் தோளில் வைத்து, தூரத்தில் நட்டிருந்த மரப்பலகையைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். விசையை இழுத்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சுட்டு முடித்துவிட்டார் என்று நினைத்து நான் காகிதங்களை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது.

திரும்பிப் பார்த்தால், நாலு முழ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். 

“நில்லுங்க சார்,” என்றார்.

நான் தமிழன் என்று எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு ஒருநாள் கேட்டேன். “இம்புட்டு வெயில்ல டை கட்டிட்டு வர்றவன் நம்மாளாத்தேன் இருப்பான்,” என்றார்.

அன்று நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அர்பாப் துப்பாக்கியை இறக்காமல், பலகையை நோக்கிப் பிடித்தபடியே நின்றார். இந்த ஆள் தன் வலது கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். எண்ணுகிறார் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நெற்றி வியர்வை என் கண்ணில் இறங்கியது. அரசாங்க அலுவலகத்தில்கூடப் பத்து நிமிஷம் காத்திருக்காத அர்பாப், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி அசையாமல் நின்றார். நூறு எண்ணி முடித்ததும் இவர் “கலாஸ்” என்றார். முடிந்தது என்று அர்த்தம். பிறகு போய்த் துப்பாக்கியை வாங்கித் திறந்து, வெடிக்காத தோட்டாவை எடுத்து மணல் வாளியில் போட்டார்.

எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே பெஷாவர்க்கார டிரைவரும் அப்படித்தான் கூப்பிட்டார். அர்பாப் மட்டும் ‘பாரூத்’ என்பார். அரபியில் அதற்கு வெடிமருந்து என்று பொருள்.

அவருக்குச் சாத்தூர்ப் பக்கம். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலை பார்த்தவர். பண்ணைக்கு வேலிக்கம்பி கட்டும் லேபராகத்தான் வந்திருக்கிறார். ஒருநாள் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் தோட்டாவுக்கு மருந்து இடிப்பதைப் பார்த்திருக்கிறார். அவன் கையில் இருந்தது இரும்புக் கம்பி. இவர் ஓடிப்போய் அதைத் தட்டிவிட்டாராம். அர்பாப் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே அவரை வேலியிலிருந்து எடுத்துத் துப்பாக்கி அறைக்குள் போட்டுவிட்டார். நான் போய்ச் சேரும்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அர்பாபிடம் முப்பத்தாறு துப்பாக்கிகள். எல்லாம் நூறு வருஷம் தாண்டியவை. எல்லாம் ஒற்றைக் குண்டு. அடியில் இருக்கும் நெம்புகோலை இறக்கினால் பின்பக்கம் வாய் திறக்கும். ஒரு தோட்டாவை வைத்து மூடிச் சுட வேண்டும். இரண்டாவது குண்டு வேண்டுமென்றால் மறுபடி திறக்க வேண்டும். குழல் ஒவ்வொன்றும் அப்படிப் பெரிது. சிலவற்றில் என் கட்டைவிரல் தாராளமாகப் போய்வரும். ஒன்றுக்கு மேல் குண்டு இருந்தால் மனிதன் குறி பார்க்க மாட்டான் என்று அர்பாப் விருந்தாளிகளிடம் சொல்வார். பண்ணையில் ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கிவந்து பெருக்கிய மான்கள் இருந்தன. மான் என்றால் நம்மூர்ப் புள்ளிமான் இல்லை, காளை மாட்டளவு இருக்கும். கிழடு தட்டிய கிடா இரண்டு மூன்றை வருஷத்துக்கு ஒருமுறை அனுமதி வாங்கிச் சுடுவார். அந்தப் பழைய துப்பாக்கிகளால்தான் சுட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

முப்பத்தாறையும் அளந்து, முத்திரைகளைக் குறித்து, ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. நான் திருச்சிக்காரன். பி.காம்., ஆங்கிலத் தட்டச்சு ஹையர். அந்தக் காலத்தில் இதைச் சொல்லாமல் நான் யாரிடமும் அறிமுகம் செய்துகொண்டதில்லை.

முதல்நாள் அறைக்குள் நுழையப் போனவனை அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார். வாசற்படியில் ஒரு சாக்கு, தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடந்தது.

“பெல்ட்டக் கழட்டுங்க சார்.”

“எதுக்கு?”

“இரும்பு. அப்படியே செருப்பு. அப்படியே சட்டை.”

“சட்டையுமா?”

“நைலான் கலந்த துணி சார் அது. உரசுனா பொறி வரும். அதுக்குத்தேன் வாசல்ல ஈரச் சாக்கு. நம்ம ரெண்டு பேரும் மேல போறதுக்கு விசா வேணாம்.”

ஆக, பி.காம். பட்டதாரியான நான் மூன்று மாதம் பனியனோடு உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதினேன். அவர் செம்புக் கரண்டியால் மருந்தை அளந்து, மரச் சுத்தியலால் தட்டி, ஈயக் குண்டை வைத்து அழுத்துவார். விடிந்ததும் ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவார். வெயில் ஏறியபின் ஒரு தோட்டாவைக்கூடத் தொட மாட்டார். சாயங்காலம் குளிர்ந்துதானே இருக்கிறது, அப்போது செய்தால் என்ன என்று கேட்டேன். “சாயங்காலம் மருந்து அசதியா இருக்காது சார், மனுசன் அசதியா இருப்பான்,” என்றார். அவருடைய ஆலையில் அதுதான் சட்டமாம். வேலை நேரத்தில் பேச்சும் கிடையாது. வாயாடியான எனக்கு அதுதான் பெரிய தண்டனை.

நூறு எண்ணுவது துப்பாக்கிக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் எல்லாவற்றுக்கும் எண்ணினார்.

யாராவது திட்டினால் எண்ணுவார். அடுப்பு பற்றாவிட்டால் எண்ணுவார். கதவு திறக்காவிட்டால் எண்ணுவார். ஒருமுறை பஸ் சற்றுத் தள்ளிப்போய் நின்றது. நான் ஓடி ஏறினேன், அவர் நின்ற இடத்தில் நின்று விரலைத் தொட்டுக்கொண்டிருந்தார். பஸ் புறப்பட்டது. அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நானும் இறங்கித் தொலைத்தேன். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். பெஷாவர்க்கார டிரைவர் அவரை உலுக்கி, “அண்ணாச்சி, ஸோ கயா க்யா?” என்பார். தூங்கிவிட்டீரா என்று அர்த்தம். அண்ணாச்சிக்கு இடது காது ஆலையிலேயே போய்விட்டது. அதனால் டிரைவர் சொன்னது கேட்கவில்லையா, கேட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

“எதுக்கு அண்ணாச்சி இப்படி எண்றீங்க?” என்று அலுத்துக்கொண்டேன்.

“வெடிக்காத வெடி செத்துப்போச்சுன்னு எவன் சொன்னான்? அது யோசிச்சுக்கிட்டு இருக்கும். நாம போயி மூஞ்சியக் காட்டுனா முடிவு பண்ணிரும்.”

இதைச் சொல்லும்போது சிரிக்கவும் மாட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபப்பட்டும் பார்த்ததில்லை. முகம் என்று ஒன்று இருந்தது. அதில் எதுவும் நடக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எங்கள் ரூமில் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து அவருக்குப் போன் வந்தது. எழுந்துபோய்க் கேட்டார். “சரி,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி “சரி” என்றார். போனை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று எண்ணினார். எண்ணி முடித்து வந்து உட்கார்ந்து, தட்டில் மிச்சமிருந்த குபூஸ் ரொட்டியைப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவினார். மறுநாள் காலை வழக்கம்போல் இருபது தோட்டா தயார் செய்தார். 

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது சொன்னார்: “வீட்ல தவறிட்டா சார்.”

வீட்டில் என்றால் மனைவி. மஞ்சள் காமாலையாம். அர்பாப் அப்போது ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் போயிருந்தார். எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவருடைய பெட்டகத்தில். ஆனால் அண்ணாச்சி யாரிடமும் கேட்கக்கூட இல்லை. 

எனக்கு ஆத்திரமாக வந்தது. “நீங்க மனுஷனா, கல்லா? ஒரு தடவ வாய்விட்டு அழுதுடுங்க அண்ணாச்சி,” என்றேன்.

“இருங்க சார்,” என்றார். “இன்னும் வெடிக்கல. அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது.”

அர்பாப் திரும்பி வந்து, தானே பாஸ்போர்ட்டை எடுத்துக்கொடுத்து ஊருக்குப் போய்வரச் சொன்னார். அண்ணாச்சி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கோவில்பட்டியில் நர்ஸிங் சேர்ந்திருந்த மகளுக்கு மட்டும் வாராவாரம் போன் செய்வார். அவர்கள் குடும்பத்தில் மருந்து தொடாத முதல் கை அவளுடையதுதான் என்று ஒருமுறை சொன்னார். மருந்து என்றால் வெடிமருந்து. அவள் இப்போது தொடுவது வேறு மருந்து. இப்படி ஒரு வேடிக்கையை நான் சொன்னபோது, அவர் சிரித்தார் என்றே சொல்லலாம். கண்கள் கொஞ்சம் சுருங்கின.

மூன்று வருஷம் அவர் பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். அவரைப் பார்த்தால் சில நாள் பிரியமாக இருக்கும், சில நாள் பயமாக இருக்கும்.

அந்த மூன்றாவது வருஷம்தான் என் மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் கூட்டிவர முயன்றுகொண்டிருந்தேன். குழந்தையை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். குடும்ப விசாவுக்கான கடிதம் அர்பாபின் மேஜையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. “வேட்டை முடியட்டும்,” என்றார். குவைத்திலிருந்து அவருடைய நண்பர் ஒருவர் வருவதாக இருந்தது. அவரும் பழைய துப்பாக்கிப் பைத்தியம். அவர் மூக்கில் விரலை வைக்கிற மாதிரி துப்பாக்கி அறை இருக்க வேண்டும் என்று அர்பாப் இரண்டு முறை சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். வேறு எதுவும் மனதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். பழைய துப்பாக்கிகளுக்குக் கருப்பு மருந்துதான் போட வேண்டும். அது மெதுவாக எரிந்து, வெள்ளையாகப் புகையைக் கக்கும். அர்பாபிடம் கொஞ்சம் பிந்திய காலத்துத் துப்பாக்கிகள் இரண்டு உண்டு. அவற்றுக்குப் புது மருந்து. புகையே வராது, வேகம் பல மடங்கு. வம்பு என்னவென்றால் இரண்டுக்கும் தோட்டாக்கூடு ஒரே அளவு. புது மருந்துத் தோட்டா பழைய துப்பாக்கிக்குள்ளும் சமர்த்தாகப் போய் உட்காரும். அந்தக் கிழட்டு இரும்பு அதைத் தாங்காது.

அண்ணாச்சிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதனால் பட்டாசுக் கட்டுகளுக்குக் கட்டுவது போல நூல் கட்டிவைத்திருந்தார். கருப்பு மருந்துப் பெட்டிக்குச் சிவப்பு நூல், புது மருந்துக்கு வெள்ளை நூல். அதோடு விடமாட்டார். ஒவ்வொரு தோட்டாவையும் வலது காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். கருப்பு மருந்து கூடு நிறையத் திணித்திருக்கும், சத்தம் வராது. புது மருந்து உள்ளே மணல்போல அசையும். 

நூல் கட்டிய அட்டைப் பெட்டிகள் எனக்கு மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி தெரிந்தன. குவைத்காரரோடு வேட்டைக்குப் போவதற்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. அண்ணாச்சி ஊர்க்காரர்களைப் பார்க்க ஷார்ஜா போயிருந்தார். நான் பன்னிரண்டு பெட்டிகளையும் இறக்கி மேஜையில் வைத்து, நூலையெல்லாம் கத்தரித்துப் போட்டுவிட்டு, தங்க நிற ஓரம் வைத்து அச்சடித்த ஆங்கில லேபிள்களை ஒட்டினேன். நடுவில் பிரிண்டருக்கு இடம் வேண்டும் என்று இரண்டு மூன்று பெட்டிகளை நகர்த்தினேன். எது எங்கே இருந்தது என்று ஞாபகம் இருப்பதாகத்தான் நினைத்தேன். ஒட்டி முடித்து அடுக்கிப் பார்த்தால் அறை நகைக்கடை மாதிரி இருந்தது. அர்பாப் வந்து பார்த்து என் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். அலமாரிக்கு முன்னால் நின்றார்.

“நூலு எங்க சார்?”

“அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? இப்ப பாருங்க, எவ்வளவு டீஸன்ட்டா இருக்கு.”

எண்ணினார். பிறகு கேட்டார்: “ஒவ்வொண்ணா ஆட்டிப் பாத்தீகளா?”

“பாத்தேன்,” என்றேன்.

பார்க்கவில்லை. பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்குப் பத்துத் தோட்டா, யார் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருப்பது? அவர் அலமாரியை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். வெளியே வெளிச்சம் குறைந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் தோட்டாவைத் தொடுவதில்லை. கையை இறக்கிக்கொண்டார். “படிச்சவுக, சரியாத்தேன் செஞ்சிருப்பீக,” என்றார். அதில் கேலி இல்லை. 

காலையில் அவர் எழுந்து அறைக்குப் போகுமுன் டிரைவர் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டார். குவைத்காரருக்கு அவசரம், விடியற்காலை வெளிச்சத்திலேயே கிடாவைப் பார்த்துவிட வேண்டும் என்றார். தோட்டாக்களைத் தானே பெட்டியிலிருந்து எடுத்துத் தன் தோல்பட்டையில் செருகிக்கொண்டார். அவரும் அர்பாபும் முன்வண்டியில். நானும் அண்ணாச்சியும் பின்னால் பிக்கப்பில். போட்டோ எடுக்க என் கையில் கேமரா.

கிடா ஒரு மேட்டின் மேல் நின்றது. குவைத்காரர் இறங்கி நின்று, கருப்பு மருந்துக்கான கிழட்டுத் துப்பாக்கி ஒன்றால் சுட்டார். கிடா இரண்டடி தள்ளாடி அப்படியே நின்றது. நான் ஒரு போட்டோ எடுத்தேன். அந்தப் போட்டோவை அப்புறம் பலமுறை பார்த்திருக்கிறேன். துப்பாக்கி முனையில் புகை இல்லை.

அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். அன்று அவர் எண்ணவில்லை. பிக்கப்பிலிருந்து குதித்து, “மாஃபி! மாஃபி!” என்று கத்திக்கொண்டு மணலில் ஓடினார். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. குவைத்காரர் அதற்குள் திறந்து, இரண்டாவது தோட்டாவை வைத்து மூடிவிட்டார். அண்ணாச்சிக்கும் அவருக்கும் இடையே பத்தடி இருக்கும்போது துப்பாக்கி வெடித்தது. சுட்டது என்று சொல்லவில்லை, வெடித்தது. குவைத்காரரின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அண்ணாச்சி தன் வேட்டியைக் கிழித்து அந்தக் கையைக் கட்டினார். அர்பாபின் வெள்ளை உடுப்பெல்லாம் ரத்தம். நான் கேமராவைப் பிடித்தபடி பிக்கப்பிலேயே நின்றேன். ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். எதுவும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸுக்குத் தகவல் போயிற்று. மதியம் எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இளவயது அதிகாரி, மரியாதையான ஆள். எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அண்ணாச்சி சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர் அரபியில் எழுதிக்கொள்வார். அண்ணாச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. அரபியிலும் அவர் வாயிலிருந்து கலாஸ், மாஃபி, யல்லா தவிர நான் எதையும் கேட்டதில்லை.

“என்ன நடந்தது என்று கேளுங்கள்,” என்றார் அதிகாரி.

கேட்டேன். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: “பெட்டிக்கு நூலு கட்டி வெச்சிருந்தேன். நீங்க அத அத்துட்டு காயிதம் ஒட்டிட்டீக. ஆட்டிப் பாத்தீகளான்னு கேட்டேன். பாத்தேன்னு சொன்னீக. நான் நம்பிட்டேன். அம்புட்டுத்தேன் சார். இப்படியே சொல்லிருங்க.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார். அதைத்தான் நான் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அர்பாபின் மேஜையில் என் விசாக் கடிதம் இருந்தது. இன்னும் கையெழுத்தாகவில்லை. 

“பெட்டிகள் தன் பொறுப்பு என்கிறார்,” என்றேன் ஆங்கிலத்தில். “புறப்படுமுன் தோட்டாக்களைச் சோதித்துப் பார்க்க மறந்துவிட்டாராம்.”

“லேபிள்களை அச்சடித்தது யார்?”

“நான்தான். அவர் சொன்னபடி ஒட்டினேன்.”

என் குரல் நடுங்கவே இல்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. கடைப் பட்டியலை வாசிப்பது போல வந்தது.

அதிகாரி எழுதி முடித்து, அரபியில் ஒருமுறை வாசித்துக் காட்டினார். அதுதான் முறையாம். எனக்குப் பாதி புரிந்தது. அண்ணாச்சி நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடிந்ததும் மை டப்பாவை அவர் பக்கம் தள்ளினார்கள். அவர் கட்டைவிரல் விரல் கணுக்களில் ஏறி இறங்கத் தொடங்கியது. அதிகாரி என்னைப் பார்த்தார். “அவருக்கு அப்படி ஒரு பழக்கம்,” என்றேன். இருவரும் காத்திருந்தோம். எண்ணி முடித்துவிட்டு, அதே விரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தார்.

அழைத்துக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தார். என்னவோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “ரூம் வாசல்ல சாக்கு காஞ்சிரும் சார். தண்ணி ஊத்தச் சொல்லுங்க,” என்றார்.

மூன்று மாதம் உள்ளே இருந்தார். அப்புறம் நேராக விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. டிரைவர் இரண்டு முறை போனார். பழமும் ஒரு புது வேட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தார். வேட்டி வாங்க அவர் துபாய் வரை போய்வந்தார். என்னைக் கூப்பிட்டபோது தலைவலி என்றேன்.

அந்த மாதக் கடைசியில் அர்பாப் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மனைவியும் குழந்தையும் வந்தார்கள். பிளாட் கிடைத்தது. குழந்தை என்னிடம் வர ஒரு வாரம் அழுதது, பிறகு ஒட்டிக்கொண்டது. ஒரு குறையும் இல்லை. இரவில் நன்றாகத் தூங்கினேன். குற்ற உணர்ச்சி ஆளைத் தின்றுவிடும் என்பார்களே, என்னை அது தின்னவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. கிள்ளிப் பார்த்தாலும் தெரியவில்லை. அதற்காகத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் காலையில் அர்பாப் என் அலுவலக அறைக்கு வந்தார். அதற்குள் அண்ணாச்சியின் இடத்தில் இரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவனுக்கும் கை நிதானம் இல்லை. அர்பாப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்:

“பாரூத் இல்லாமல் எனக்கு வேட்டைக்குப் போகவே பிடிக்கவில்லை. பதினோரு வருஷம், மணலில் அவனும் நானும் தனியாகப் படுத்துக்கொண்டு மிருகம் வருவதற்காகக் காத்திருந்திருக்கிறோம். எத்தனை பேச்சு பேசுவான் தெரியுமா?”

“அண்ணாச்சியா? எந்த பாஷையில்?”

“அரபியில்தான். வேறென்ன? உன்னைவிட நூறு மடங்கு நன்றாகப் பேசுவான். என் தகப்பனாருடைய வழக்குச் சொற்கள்கூட அவனுக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுவான், அவ்வளவுதான்.”

அந்த அதிகாரி வாசித்தது ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்கிறது. நான் பாதி புரிந்துகொண்ட அந்தக் காகிதத்தை அவர் முழுசாகப் புரிந்துகொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து நூறு எண்ணி, எண்ணி முடித்த பிறகு விரல் வைத்திருக்கிறார். என் குழந்தையின் போட்டோ எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில்தான் ஒட்டியிருந்தது. அதற்காகவா? அல்லது ஷார்ஜாவிலிருந்து வந்த அன்று கையை நீட்டி, ஆட்டிப் பார்க்காமல் இறக்கிக்கொண்டதற்காகவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ரூமுக்குத் திரும்பியிருப்பார். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. 

அர்பாப் எழுந்தார். “அவன் மறுபடி நாட்டுக்குள் வரக் கூடாது என்று போட்ட தடையை நீக்க எனக்கு ஆள் இருக்கிறது. அவனைத் திரும்ப வரவழைக்கப் போகிறேன். டிரைவரிடம் இருந்த போன் நம்பர் இப்போது வேலை செய்யவில்லையாம். ஊர் முகவரி உன் கோப்பில் இருக்குமே, எடு.”

இருந்தது. எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில், இரண்டாவது தட்டில், அவருடைய பாஸ்போர்ட் நகல். கடைசிப் பக்கத்தில் வீட்டு எண், தெரு, சாத்தூர் என்று பளிச்சென்று இருக்கும். கையை நீட்டினால் எட்டும். அவர் திரும்பி வந்தால் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது தெரியும். அவருக்கு அவருடைய அறை கிடைக்கும். எனக்கோ, விடிந்தும் விடியாததுமாகத் தினம் அந்த முகம்.

“இல்லை அர்பாப்,” என்றேன். “அந்தப் பழைய கோப்புகளையெல்லாம் கழித்துவிட்டோம்.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். சரி என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்தி, பாஸ்போர்ட் நகலை எடுத்து, காகிதம் கிழிக்கும் மெஷினில் போட்டேன்.